இரண்டு புள்ளி மூன்று

காவல்கிணறு விலக்கு தாண்டி
ராதாபுரம் போகும் சாலையில்
வண்டியை ஓரங்கட்டியபோது
உள்விளக்கு பழைய பல்லின் நிறத்துக்கு
இறங்கியிருந்தது.

ஆனி மாதம்.
மலை இடுக்கில் புகுந்து வந்த காற்று
வண்டியைத் தோளால் இடித்துக்கொண்டே இருந்தது.
கண்ணுக்கெட்டிய மட்டும் காற்றாலைகள்,
யார் யார் ஊருக்கோ கரண்டு சுற்றுகின்றன.
எங்கள் பேட்டரியில் மட்டும் ஏறவில்லை.

பதினொன்று புள்ளி ஒன்பது.

"செத்துப்போச்சும்மா" என்றார்
வண்ணாரப்பேட்டைக் கடைக்காரர்.
புதுசு வாங்கினோம். பதினாறாயிரம்.
மூன்றாம் நாளே ஃப்ரிட்ஜுக்குள்
உவரியில் வாங்கிய நெய்மீன் நாறியது.
"ஆல்டர்னேட்டர்தான்" என்றான் வள்ளியூரில் ஒருவன்,
என்ஜினுக்குக் காதைக் கொடுத்துக் கேட்டு.
காயில் மாற்றி, பெல்ட் மாற்றி, மூவாயிரத்து எண்ணூறு.
நாங்குநேரி டோல்கேட் பக்கம்
டீ குடித்துக்கொண்டிருந்த கூட்டம் முழுதும்
"கூரையில சோலார் போட்ருங்க" என்றது.
பிரம்மநாயகம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னார்:
"சவத்தத் தள்ளு. வித்துருவோம்."

ஸ்கூல் வேனாக ஓடிய வண்டி இது.
பதினேழு சீட் இருந்த இடத்தில்
ஒரு கட்டில், ஒரு ஸ்டவ்,
கட்டிலுக்கடியில் இரண்டாவது பேட்டரி.
கடைசி சன்னல் கண்ணாடியில்
யாரோ ஆணியால் கீறிய
'பேச்சிராஜா, நாலு பி'
மட்டும் அப்படியே இருக்கிறது.

விற்க நான் விடவில்லை.
கூட்டுறவு வங்கியில் இருபத்திரண்டு வருடம்.
கணக்கு நேராகாத மார்ச் இரவுகளில்
நாற்பது பைசாவைத் தேடி
பேரேட்டின் மேல் கவிழ்ந்து கிடந்திருக்கிறேன்.
பணம் தொலையாது.
வேறொரு பத்தியில் போய் உட்கார்ந்திருக்கும்,
அவ்வளவுதான்.

"ஸ்டார்ட் பண்ணுங்க" என்றேன்.
முன் பேட்டரியில் பதினான்கு புள்ளி இரண்டு. டிக் போட்டேன்.
ரிலேயும் தன் பங்குக்கு ஒரு டிக்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
கட்டிலுக்கடியில் நுழைந்தேன்.
சிவப்பு முனையில் ஒரு குச்சி,
கறுப்பு முனையில் ஒரு குச்சி.
பதினொன்று புள்ளி ஒன்பது.
அப்புறம் எதற்கென்று தெரியாமல்,
கறுப்புக் குச்சியை மட்டும் எடுத்து
சீட் கழற்றிய ஓட்டையின் விளிம்பில்
வெறும் இரும்பில் வைத்தேன்.

பதினான்கு புள்ளி இரண்டு.

வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, இத்தனை நாளும்.
திரும்பிப் போக வழியில்லாத விருந்தாளி
உள்ளே வரவும் தயங்கியது போல.

கறுப்பு முனைக்கும் இரும்புக்கும் நடுவே
வைத்துப் பார்த்தேன்.
இரண்டு புள்ளி மூன்று.
இந்தப் பத்தியில்தான் உட்கார்ந்திருக்கிறாயா.

கறுப்பு வயரைக் கையாலேயே தடவிப் போனேன்,
சக்கர வளைவுக்கு மேலே, ஒரு போல்ட்.
போல்ட்டுக்கு அடியில் வாஷர்.
வாஷருக்கு அடியில் நீலம்.

சேரன்மகாதேவி பட்டறையில்
மூன்று கோட் அடித்த நீலம்.
மழை விட்ட மறுநாள்
பாபநாசத்து வானம் மாதிரி வேண்டுமென்று
பெயின்டர் பக்கத்திலேயே நின்று
நாலு தடவை கலக்கச் சொன்னது
நான்.

எர்த் வயர்
எர்த்தைத் தொடவே இல்லை.
மரை வழியே கசிந்ததில் பிழைத்துக் கிடந்திருக்கிறது.

பதிமூன்றாம் நம்பர் ஸ்பானர். உப்புத்தாள்.
நீலம் போனது. அடியில் ஸ்கூல் வேன் மஞ்சள்.
மஞ்சளும் போனது. அதனடியில் செம்மண் நிறத்தில் பிரைமர்.
அதற்கும் கீழே, ஒரு ரூபாய் அகலத்துக்கு,
இரும்பு.

வைத்து இறுக்கினேன்.
பன்னிரண்டு புள்ளி ஏழு.
பதிமூன்று புள்ளி ஒன்று.
எண் ஏறுவதை டார்ச்சை அணைத்துவிட்டு
இருட்டில் இருந்து பார்த்தேன்.
புறங்கையெல்லாம் நீலத் தூள்.

பத்தொன்பதாயிரத்து எண்ணூறு பற்றி
பிரம்மநாயகம் வாயே திறக்கவில்லை.
குனிந்து போல்ட்டைப் பார்த்தார்.
"நல்ல நீலம்தான்" என்றார்.

வெளியே காற்று ஆளைத் தூக்கியது.
காற்றாலை உச்சிகளில் சிவப்பு விளக்குகள்
ஒன்றையொன்று பார்த்துக் கண் சிமிட்டின.
அவர் கதவை இழுத்துச் சாத்தினார்,
சன்னல்கள் எல்லாவற்றையும் மூடினார்,
பேச்சிராஜாவின் சன்னலையும்.
அப்புறம் ஃபேனைப் போட்டார்.